ஒற்றை நர்சுக்கு ஒரு மெமோ

அதிகாரி ஐயா, அன்றைக்கு எங்கள் கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பூட்டியது சிஸ்டர் இல்லை. நீங்கள்தான்.

அந்தப் பூட்டைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட மடையன்... நான்.

மிளகு பறிக்க ஏணியில் ஏறி, சறுக்கி, முழங்காலைக் கிழித்துக்கொண்டு போனேன். பகல் பதினொரு மணி. கதவில் பூட்டு! 'சம்பளம் மட்டும் வேண்டுமா?' என்று எழுதிப் படத்தோடு அனுப்பினேன். ஆளாளுக்குக் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் புண் சீழ் பிடித்து மறுபடி போனேன். சிஸ்டர் இருந்தார். மேஜையில் நீங்கள் அனுப்பிய மெமோ. அதோடு என் போட்டோ.

"ஏனுங்க, பூட்டு பளபளன்னு நல்லாத்தான் வந்திருக்குது. பக்கத்துல ஒட்டின சீட்டைத்தான் காணமுங்க."

பிரசவ கேஸுடன் கீழே போகிறேன் என்று எழுதி ஒட்டியிருந்தாராம். கோபத்தில் நான் எங்கே படித்தேன்?

மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடம். ஒரு இடம் காலி. இன்னொருவரை மாற்றுப் பணி என்று கீழே உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டீர்கள். மிச்சம் இவர் மட்டும். அன்றைக்கு டாக்டர் திண்ணனூர் நாட்டு ஊர்களில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். வலியோடு வந்த பெண்ணுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி, சிஸ்டரும் கூடவே இறங்கியிருக்கிறார். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள், ஓடுகிற வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பிடித்தது சிஸ்டரின் கை.

தாயும் பிள்ளையும் நலம். சிஸ்டருக்கு மெமோ. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் சஸ்பெண்டாம்!

"பேசாம மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர்" என்றேன்.

"நீங்க வேணும்னா கேளுங்க. நான் எதுக்குங்க கேக்கோணும்? கூடப் போக ஒருத்தர், இங்க இருக்க ஒருத்தர்... எந்நேரமும் ரெண்டு பேர் வேணும். அதைத்தான் விளக்கத்துல எழுதியிருக்கறேன். நாங்களாக் கேட்டப்பெல்லாம் காது கேக்கலை. இப்ப அவங்களே எழுதுன்னு சொல்லியிருக்காங்க, விடுவனா? ...காலை நீட்டுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதே குரூப்பிலும் கேட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை.

பூட்டு போட்டோவில் விழுகிறது. ஆளில்லாத நாற்காலி விழுமா?

ஐயா, சிஸ்டர் தன் பதிலை எழுதிவிட்டார். உங்கள் பதில் எங்கே? அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். அந்தப் பெண்ணையும் பிள்ளையோடு வரச் சொல்கிறோம். மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் — அன்றைக்கு அவளைத் தனியாக அனுப்பியிருக்க வேண்டுமா?