மாடி வீட்டு பாகேஸ்ரீ

நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுனந்தா ஹூப்ளிக்காரர். இரவு வேலையெல்லாம் முடிந்தபிறகு இந்துஸ்தானி பாடிப் பழகுவார். அப்பா இறந்ததும், துக்க வீடு என்று அவராகவே நிறுத்திக்கொண்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அம்மா அழவே இல்லை. தூங்கவும் இல்லை. ஒருநாள் ராத்திரி திடீரென்று, "ஏங்கண்ணு, மேல ஊட்டுப் புள்ள ஏன் பாடறதில்ல?" என்றார்.

"துக்கத்துல எப்படிம்மா பாடுவாங்க?"

"உங்கப்பனும் நானும் அதைக் கேட்டுட்டேதான் தூங்குவோம்."

எனக்கு அது தெரியாது. உடனே மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

"ஏனுங்க, அம்மாவுக்காக ஒருக்கா பாடறீங்களா?"

சுனந்தா என்னோடு இறங்கி வந்து, அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "இது பாகேஸ்ரீ. ராத்திரி ராகம்," என்று சொல்லிவிட்டு மெல்லிய குரலில் தொடங்கினார்.

ராகம் மெதுவாக மேலேறியபோது, அம்மாவின் கை கட்டிலில் அப்பா படுக்கும் பக்கத்தைத் தடவியது. பிறகு வாய்விட்டு அழுதார். சுனந்தா பயந்துபோய் நிறுத்தினார்.

"நீ பாடு கண்ணு," என்றார் அம்மா.

அழுது ஓய்ந்தவர், பாட்டு முடியும் முன்பே தூங்கிப்போனார்.

துக்க வீட்டில் சத்தமில்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு என்ன வேண்டுமென்று நான் கேட்கவே இல்லை.