ரக்கோவா, நக்கோவா?

போலாரத்தில் நீலாவிடம் ஒரு தடவை அளவு கொடுத்தவர்கள் மறு தடவை கொடுக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக மிதி மெஷினில் தைக்கிறாள். படிப்பு எட்டாவதோடு நின்றது. தையல் மட்டும் ஒரு நூல் விலகாது. முழங்கால் வலி வந்ததும், அண்ணன் சூசைராஜின் நச்சரிப்பு தாங்காமல், மெஷினில் மாட்ட ஒரு மோட்டாருக்குக் குகட்பள்ளிக் கடையில் போனில் சொல்லி வைத்தாள்.

வந்த பெட்டியைத் தூக்கும்போதே கனம் இடித்தது. பிரித்தால், புத்தம் புதிய ஓவர்லாக் மெஷின். துணியின் ஓரம் பிரியாமல் அடிப்பது. அந்த ஒரு வேலைக்காகத்தான் அவள் வாரம் இரண்டு தடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போய், இன்னொரு கடை வாசலில் காத்துக் கிடப்பாள்.

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார் போல. ஒரே ஹாரன் சத்தம். "மோட்டாருக்குப் பதிலா ஓவர்லாக் வந்திருக்கு பாய், வச்சுக்கட்டுமா?" என்று இந்தியில் கேட்டாள்.

"ரக்கோ" என்று காதில் விழுந்தது. லைன் அறுந்தது.

"வச்சுக்கோன்னுட்டாருண்ணே!"

சூசைராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கடை வச்சிருக்கிறவரா, கர்ணனா?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அன்றைக்கே நீல நூல் கோத்து, பதினாலு பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஓரம் அடித்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. பதினைந்தாவதை எடுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அவர் சொன்னது நக்கோவாக இருந்தால்? ரக்கோ என்றால் வச்சுக்கோ, நக்கோ என்றால் வேண்டாம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். தனக்குப் பிடித்ததைத்தான் காது கேட்டதோ என்பதுதான் உறுத்தியது.

திரும்பப் போன் போட இரண்டு நாள் கை வரவில்லை. நக்கோ என்றால் மெஷின் போய்விடும். அது போகட்டும், பெட்டியைப் பிரித்து, ஓட்டியும் விட்டாளே! திருடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

மூன்றாம் நாள் காலை நூலை உருவி, துடைத்து, வந்த மாதிரியே பெட்டியில் வைத்துக் கட்டினாள். "நானும் வரேன்" என்றார் சூசைராஜ்.

"நக்கோண்ணே. ஓட்டினது நான். நான்தான் சொல்லணும்."

இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். நரைத்த தாடிக்காரர் பெட்டியைப் பார்த்ததும் எழுந்தார்.

"நக்கோ, கடைக்குக் கொண்டு வாங்கன்னு சொன்னேனே. ஏன் இத்தனை நாள்?"

ஓட்டினீங்களா என்று அவர் கேட்கும் முன்பே நீலா சொல்லிவிட்டாள்: "ரக்கோன்னு கேட்டுச்சு பாய். பதினாலு பாவாடை அடிச்சிட்டேன்."

அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இடுக்கில் ஒரு துணுக்கு நீல நூல். "ஓரம் சரியா விழுந்துச்சா?"

"ஹவ், சரியா விழுந்துச்சு. ஒண்ணும் பிரியல."

"அப்போ இது கடையில ஓட்டிக் காட்டறதுக்கு இருக்கட்டும். இதை ஆர்டர் பண்ணின கொண்டாப்பூர் மேடம் உங்க மோட்டாரை வச்சுக்கிட்டு தினம் நாலு தடவை போன்ல திட்டறாங்க. அவங்களுக்கு வேற பீஸ் அனுப்பறேன்." உள்ளே திரும்பி, "அனுபமா, மோட்டார் ஒண்ணு கொண்டா. இந்தத் தடவை பெட்டியைத் திறந்து பார்த்துக் கொடு!" என்றார்.

உள்ளேயிருந்து வந்த பெண், பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே முகவரி ஒட்டியவள், நீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொண்டு வந்தீங்களே அக்கா. இது கிடைக்கலன்னா என் வேலை போயிருக்கும்."

இதை மட்டும் நீலா நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தவள், ஜன்னல் காற்றில் இரண்டு ராத்திரி தூங்காததற்கும் சேர்த்துத் தூங்கிவிட்டாள். போலாரம் தாண்டிக் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது, அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.