சோமோவுக்கு இரண்டு எம்.பி.ஏ.

ஐஸ் உருளையின் நடுத்துளைக்குள் ஒரு கண்ணை வைத்து, மற்றதை இடுக்கிக்கொண்டு, சூரியனைப் பார்க்கிறாள் சோமோ. உருளை கண்ணாடிபோல் தெரிந்தால் மூட்டை லாரியில் ஏறும். பால்போல் தெரிந்தால் "இது மீனுக்கு" என்று சந்தைப் பக்கம் தள்ளிவிடுவாள். பார்த்து முடித்த உருளையை எறிவதில்லை. வாயில் போட்டுக் கடிப்பாள். அந்தச் சத்தம் எங்கள் சந்தின் முனைவரை கேட்கும். என் எதிர்வீட்டு நாய் அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறது.

ரத்திகான் என்ற முழுப்பெயர் அடையாள அட்டைக்கும் கோயிலுக்கும் மட்டும். பிறந்தபோது பம்ப்ளிமாஸ் பழம்போல உருண்டையாக இருந்தாளாம், அதனால் அந்தப் பழத்தின் தாய்லாந்துப் பெயரே இவளுக்கும், சோமோ. வயது முப்பத்தெட்டு. தெற்கு பாங்காக்கில் ஹெங் என்பவரின் ஐஸ் ஆலையில் விநியோகம் முழுவதும் இவள் கையில். ஆலையில் எல்லோருக்கும் ஹெங் என்றால் சியா, அதாவது பெரிய முதலாளி. சோமோ தலையசைக்காவிட்டால் நூற்று அறுபது நூடுல்ஸ் கடைகளில் தேநீர் குளிராது. ஒரு சித்திரை நீர்த்திருவிழாவின்போது இவளுக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் குரல் போயிற்று. நகரத்தின் வெப்பம் அரை டிகிரி கூடியது. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லாதவர்கள் மூத்த லாரி ஓட்டுநர் பியாக் மாமாவைக் கேட்கலாம். அவர் ஒரு டிகிரி என்பார்.

பதினெட்டு வயதில் கணக்கு எழுத வந்தவள். பட்டம் வாங்கியது வகுப்புக்கே போகத் தேவையில்லாத திறந்த பல்கலைக்கழகத்தில். புத்தகத்தை மூட்டைகளுக்கு நடுவே விரித்து வைத்துப் படித்தாள். ஈரத்தில் ஊறி, பொருளாதாரம் இரண்டாம் பாகம் தலையணை அளவுக்கு உப்பியது. அதனால்தான் அதில் அதிக மதிப்பெண் வந்தது என்பது இவளுடைய கணிப்பு.

போன வருடம் திடீரென்று எம்.பி.ஏ. ஆசை. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு வகைக்கும் விண்ணப்பித்தாள். வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு மட்டும் போகும் எக்ஸிகியூட்டிவ் ஒன்று. வேலையை விட்டுவிட்டு பதினாறு மாதம் பகலெல்லாம் உட்கார்ந்து படிக்கும் முழுநேரம் ஒன்று. பிறகு சாச்சோங்சாவ் ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய் புத்தரிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் என்றால் இங்கே அரைகுறை கிடையாது. பெயர், வீட்டு எண், அடையாள அட்டை எண், "பெட்ரோல் பங்குக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு" வரை ஒப்பித்தாள். இடம் கிடைத்தால் நூறு அவித்த முட்டை படைப்பதாக வாக்கும் கொடுத்தாள்.

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஏதாவது ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

பியாக் மாமா லாரியிலிருந்து இறங்கி வந்து விசாரணை நடத்தினார்.

"முகவரி எல்லாம் சரியாத்தானே சொன்ன?"

"கதவு நிறம் வரைக்கும் சொன்னேன் மாமா."

"எந்த எம்.பி.ஏ.ன்னு சொன்னியா?"

சோமோ ஐஸ் கடிப்பதை நிறுத்தினாள்.

"சொல்லல."

"அப்ப அவர் என்னம்மா பண்ணுவாரு? எது வேணுமோ எடுத்துக்கோன்னு ரெண்டையும் அனுப்பிட்டாரு. பெரிய இடத்துல விவரமாக் கேக்கணும். நான் ஒருதடவ மகன் வீட்டுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டேன். வந்தான். இன்னும் போகல."

"இப்ப முட்டை நூறா, இருநூறா மாமா?"

"இருநூறே வச்சிடு. சாமிகிட்ட போய் பேரம் பேசிட்டு நிக்காத."

ஆலை முழுக்க எக்ஸிகியூட்டிவ் கட்சி. "ரெண்டும் எம்.பி.ஏ.தான். ஒண்ணுல சம்பளம் வருது, ஒண்ணுல வரல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பியாக் மாமா. சியா அதற்குள் தன் நண்பர்களிடமெல்லாம் "எங்க மேனேஜர் எக்ஸிகியூட்டிவ் போறா" என்று சொல்லிவிட்டார். இவளுக்காகப் பழுப்புத் தோல் நாற்காலி ஒன்றுகூட வந்து இறங்கிவிட்டது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சோமோ இரண்டு வகுப்பையும் ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தாள். எக்ஸிகியூட்டிவில் நாற்பது நிமிடம் எல்லோரும் இரு கைகளாலும் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஐஸ் என்ன விலை என்று கேட்டார். இவள் இரண்டு டன் ஆர்டருடன் வீடு திரும்பினாள்.

"நல்ல மனுஷங்க," என்றாள் என்னிடம். "ஆனா நான் காலைல போனதும் வேலைக்கு, சாயங்காலம் வந்ததும் வேலைலேர்ந்து. நடுவுல வகுப்பு எங்க இருந்துச்சுன்னு தெரியல."

முழுநேர வகுப்பில் கதை வேறு. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு நூடுல்ஸ் கடைச் சங்கிலியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி, "கடைக்குக் கடை ஐஸ் மெஷின் வச்சிட்டா வெளியில எதுக்கு வாங்கணும்?" என்றாள். பார்வையாளராக உட்கார்ந்திருந்த சோமோ எழுந்துவிட்டாள். மெஷின் பழுதானால் யார் வருவது, கரண்டுக்கு என்ன ஆகும், சித்திரை வெயிலில் அது எத்தனை கிலோ போடும் என்று அடுக்கினாள். அந்தப் பெண் விடவில்லை. பத்து வருடம் கழித்து மெஷின் மலிந்துவிடும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சோமோ தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்து கைபேசியைப் பார்த்தால் நாற்பத்தொரு அழைப்பு தவறியிருந்தது.

"அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து, 'அக்கா, நாளைக்கும் வாங்க, இன்னும் முடியல'ன்னா," என்று சொல்லும்போது இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சேமிப்பு எத்தனை மாதம் வரும் என்றேன். "பதினாறு. காப்பியைக் குறைச்சா பதினேழு," என்று உடனே பதில் வந்தது. யோசித்து வைத்திருந்தாள், திருட்டுக் கழுதை.

தடை ஒன்றே ஒன்று. இருபது வருடத்தில் இவள் சியாவிடம் முடியாது என்று சொன்னதில்லை. இங்கே மூத்தவர் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொல்வதில்லை. "பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டு அடுத்த பிறவிவரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் அத்தனை நாள் காத்திருக்காது.

வெள்ளி விடியலில் பியாக் மாமாவின் லாரியில் இருநூறு முட்டை கோயிலுக்குப் போய், படைத்து, பத்து மணிக்கு ஆலைக்குத் திரும்பி வந்தது. மூட்டை ஏற்றும் மேடையில் மேசை போட்டு, சோயா சாற்றுப் புட்டியை நடுவில் வைத்து, ஊரே உரித்துக்கொண்டிருந்தோம். என் கணக்கில் நான்கு. பியாக் மாமா பதினொன்று தின்றுவிட்டு ஆறு என்றார்.

அப்போதுதான் சியா வந்தார். ஒரு கையில் ஒப்பந்தத் தாள், மறு கையில் மூடி திறந்த பேனா.

"சோமோ, வக்கீல் எழுதிட்டாரு. படிப்புச் செலவு மொத்தமும் ஆலையோடது. சனி ஞாயிறு படி, திங்கக்கிழம இங்க நில்லு. அஞ்சு வருஷம் வேற எங்கயும் போகக்கூடாது, அவ்வளவுதான். இங்க ஒரு கையெழுத்து."

"சியா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். கையெழுத்து."

சோமோ தாளை இரு கைகளாலும் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். மேடையில் உரிப்பது நின்றுவிட்டது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, சியா. தாளும் நல்ல கனம்."

அதை மேசைமேல் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு ஒரு முட்டையை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் மெதுவாகத் தட்டி, உரிக்க ஆரம்பித்தாள். ஓடு சில்லுசில்லாக ஐந்து வருடத்தின்மேல் விழுந்தது. பியாக் மாமா கூரையைப் பார்த்தார்.

சியா ஓட்டுச் சில்லு ஒன்றைப் பேனா முனையால் நகர்த்தினார்.

"அந்த இன்னொண்ணு, பதினாறு மாசமோ?"

"ஆமா சியா."

"நடுவுல சித்திரை வருமே."

"யுனிவர்சிட்டிக்கும் அப்ப லீவுதான். திருவிழாவுக்கு இங்கதான் நிப்பேன்."

"சின்னப் புள்ளைங்க நடுவுல உக்காருவியா?"

"ஓரமா உக்காந்துக்கிறேன்."

சியாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. அது சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சோமோ ஓட்டோடு சேர்த்துத் தாளை நான்கு மூலையும் பிடித்துப் பொட்டலமாகச் சுருட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். முட்டைமேல் சோயா சாறு இரண்டு சொட்டு விட்டு, இரு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

சியா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கையை நீட்டினார்.