நெல் களஞ்சியத்து முப்பத்தொரு போர்வைகள்

1. மழைச் செவ்வாய்

கல்முனையில் நான் மெத்தை கட்டத் தொடங்கிப் பதினாறாவது வருடம். 1995 மார்கழி, ஒரு செவ்வாய்க்கிழமை. "மழை. பஞ்சு வெளியே எடுக்கவில்லை" என்று மட்டும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. மீதியை மறுநாள்தான் எழுதினேன்.

பகல் பதினொரு மணிக்கு ரஹீமா என்ற பெண்ணும் அவளுடைய மாமியும் ஒரு நனைந்த போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து, மையித்தை, அதாவது பிரேதத்தை, தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். இடம்பெயர்ந்து வந்து, பழைய நெல் களஞ்சியம் ஒன்றில் தங்கியிருந்த முப்பத்தொரு குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. ரஹீமா பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

"காக்கா, இத என்னெண்டு காய வைக்கிற?" என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அது கொம்போட்டர். குளிர் நாட்டில் யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வை. நிவாரண நிறுவனம் ஒன்று குடும்பத்துக்கு ஒன்று வீதம் பகிர்ந்திருந்தது. நமது வெக்கையில் அதைப் போர்த்த ஏலாது. எல்லோரும் சீமெந்துத் தரையில் விரித்துப் படுத்தார்கள். மாரியில் தரை கசிந்தது. ஒரு மூலை நனைந்தால் போதும், முழுப் போர்வையும் ஈரத்தைக் குடித்துவிடும். வெயில் இல்லாமல் உள்ளே காயாது. பிள்ளைக்கு மூன்று நாளாக இருமல்.

"இது போர்வ இல்ல மகன், குளம்," என்றார் மாமி. "வாய்க்கால் வெட்டி உட்டா ஒரு போகம் வெள்ளாம செய்யலாம்."

"பிரிக்கவா?" என்று ரஹீமாவிடம் கேட்டேன்.

"பிரிங்க காக்கா. புள்ள காஞ்ச இடத்துல படுத்தாச் சரி."

2. என் பிழை

அடுப்புக்கு மேலே கட்டி இரண்டு நாள் காயவைத்தேன். பிறகு பஞ்சை வெளியே எடுத்து, வழக்கம்போலக் கம்பால் அடித்தேன். இலவம் பஞ்சு அடிக்க அடிக்கப் பூக்கும். இந்தப் பொலியெஸ்டர் பஞ்சு அடிக்க அடிக்க உருண்டு கட்டியானது. பதினாறு வருட அனுபவத்தால் அரை மணித்தியாலத்தில் ஒரு கூடை உருண்டை செய்தேன். இளம் மெத்தைக்காரர்கள் கவனிக்க: அந்தப் பஞ்சில் கம்பு படக் கூடாது. கையால் பிய்த்துத் தட்டுத் தட்டாக விரிக்க வேண்டும்.

மிஞ்சிய பாதியை அப்படித்தான் விரித்தேன். வயல்காரர்களிடம் யூரியாப் பைகளுக்குக் குறைவில்லை. பல தடவை தண்ணீரில் கழுவிய ஒரு பையில், உள் பொலித்தீனோடு, கீழே தென்னந்தும்பும் மேலே பஞ்சுமாக அடைத்து வாயைத் தைத்தேன். கொம்போட்டரின் ஒரு பக்கத் துணி அதற்கு உறை. மறு பக்கத் துணி போர்த்துவதற்கு. உருண்டைகள் இரண்டு தலையணைக்குள் போயின.

மறுநாள் களஞ்சியத்தில் ரஹீமா அந்தச் சின்ன மெத்தையின் அடியைத் தடவிக் காட்டினாள். "அடி ஈரம். மேல கைய வச்சிப் பாருங்க." மேலே காய்ந்திருந்தது. மற்றப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மிச்சம் முப்பதையும் செய்து தரச் சொன்னார்கள்.

3. புத்தகத்தில் இருந்த கையெழுத்து

அன்று பின்னேரமே நிறுவனத்தின் பொறுப்பாளர் களஞ்சியத்துக்கு வந்தார்.

"இதில கத்தி வைக்க ஆர் ஒங்களுக்குச் சொன்ன? தந்தவங்க அடுத்த கிழம பாக்க வாறாங்க. போர்வ போர்வையா இரிக்கணும், போட்டோ எடுப்பாங்க."

"புள்ளைக்கி இருமல் சேர்," என்றேன்.

"அதுக்கு ஆஸ்பத்திரி இரிக்கி. நன்கொடச் சாமான வெட்டுறது களவு. நான் பொலிசுக்குப் போவன்."

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பழைய மெத்தையைச் சொந்தக்காரர் சம்மதித்தால்தான் பிரிப்போம். கூடியவரை அவர் கண்முன்னே பிரிப்போம். பஞ்சை மாற்றிவிட்டான் என்ற பேச்சு வரக் கூடாது. ஆகவே பொறுப்பாளரின் விநியோகப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன்.

"முப்பத்தொரு கையெழுத்தும் இரிக்கி. நான் எல்லாம் சரியாத்தான் வச்சிரிக்கன்," என்றார்.

"'பெற்றுக்கொண்டேன்' எண்டுதானே கையெழுத்து வச்சிரிக்காங்க?"

"ஓம்."

"அப்ப சொந்தக்காரர் எல்லாரும் இஞ்சதான் நிக்கிறாங்க. அவங்க வேணாமெண்டாப் பிரிக்க மாட்டன். நீங்க சொல்லி நிப்பாட்ட ஏலா சேர்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் களஞ்சிய வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெண்ணும் தன் போர்வையின் முதல் தையலைத் தானே வெட்டித் தந்தாள். பொறுப்பாளர் கதவோரம் நின்று வெட்டியவர்களின் பெயரை எழுதினார்.

"என்ட பேரையும் எழுதுங்க சேர்," என்றார் மாமி. "வயச மட்டும் கொறச்சி எழுதுங்க."

ஐந்து நாளில் வேலை முடிந்தது. போர்வை தந்த வெளிநாட்டார் வந்தார்கள், மெத்தைகளைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் இருமல் அதற்கு முன்பே நின்றிருந்தது.

4. கடிதம்

தை மாதத்தில் பொறுப்பாளர் ஆள் அனுப்பினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால், அவர்களுடைய விடுதிக்கு நாற்பது மெத்தை கட்டும் வேலை எனக்குத்தானாம்.

எழுதிக் கொடுத்தேன். பிரித்த திகதிகள், போர்வைகள் முப்பத்தொன்று, ஒவ்வொன்றிலும் செய்த மெத்தை, தலையணை, விரிப்பு, வெட்டும்போது முன்னால் நின்றவர்களின் பெயர்கள். நான் உருட்டிக் கெடுத்த அரைப் போர்வையையும் மறைக்கவில்லை. கடைசி வரி: "இவை யாவும் சொந்தக்காரரின் சம்மதத்தோடு, தெரிந்தே செய்யப்பட்டன."

நாற்பது மெத்தையை வேறு யாரோ கட்டினார்கள். அந்த நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவில்லை; நானும் போகவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கேட்காமல் எதையும் பிரிக்காதீர்கள். ஆனால் அதில் படுக்கப் போகிறவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், வேறு யாருடைய உத்தரவுக்காகவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.