நுனி வெட்டாத சங்கு

கன்னியாகுமரியில் படகுத்துறைக்குப் போகிற வழியில் குளோரிக்குச் சங்குக் கடை. வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். செபத்தில் பிறரை மன்னிக்கச் சொல்லும் இடம் வரும்போது மட்டும் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

அந்த இருமலுக்கு வயது நாற்பது. தேசியத் தொலைக்காட்சிக்குச் சின்னம் வரைய அப்போது தலைநகரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சங்கு வேண்டும், அசல் சங்காக வேண்டும் என்றார்கள். குளோரியின் அப்பா ஏசுஅடிமை சங்கு குளிக்கப் போனவர். தன்னுடைய சங்கையே கொடுத்தார். ஊதுகிற சங்கு, நுனியை வெட்டி, உரசி, வாய் வைத்த சங்கு. வந்தவர்கள் மூன்று நாள் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, மீன்குழம்பைத் தின்றுகொண்டே வரைந்தார்கள். போகும்போது, "சின்னம் வெளியாகிற அன்று உங்கள் பெயரைச் சொல்வோம்" என்றார்கள். குழம்பு நன்றாக இருந்தால் மனிதன் என்ன வாக்குதான் கொடுக்கமாட்டான்?

ஏசுஅடிமை அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். தெருவுக்கு ஒன்றாக இருந்த டிவியின் முன்னால் அன்றைக்கு ஊரே கூடியது. சங்கு வந்தது. பெயர்களும் வந்தன. ஓவியரின் பெயர், ஓவியரின் குருநாதர் பெயர், அவருக்கு உள்ளொளி தந்த இமயமலையின் பெயர். ஏசுஅடிமையின் பெயர் மட்டும் வரவில்லை.

மறுநாள் கடற்கரையில் ஆரம்பித்தது. "என்ன ஏசடிமை, ஒமக்க பேரு இமயமலைக்கு ஏறிப் போச்சா?" அவர் சாகும்வரை இதைக் கேட்டார்கள். அவர் செத்த பிறகும், எதிர்க்கடையில் வண்ணமணல் பொட்டலம் விற்கிற சுயம்புராஜ் விடவில்லை. சின்னம் மாறுகிறபோதெல்லாம், "ஏட்டி குளோரி, இந்த மட்டமாவது அப்பனுக்க பேரு வந்துதா?" என்பார்.

சின்னம்தான் மாறிக்கொண்டே இருந்ததே. கலர் டிவி வந்ததும் சங்குக்கு மூன்று வண்ணம் பூசினார்கள். தனியார் சேனல்கள் வந்ததும், பயத்தில் சங்கைச் சுழலவிட்டார்கள். பிறகு சங்கைச் சற்றுச் சாய்த்து, அதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியாக வந்த குழு, சங்கின் நுனி மொட்டையாக இருப்பதைக் கண்டுபிடித்துப் பதறிப்போய், ஊசி மாதிரி கூர்மையாக்கியது. அதற்கு 'இலக்கு' என்று பெயர்.

அதை முன்னோட்ட விளம்பரத்தில் முதன்முதலில் பார்த்தபோது குளோரி சிரித்தாள். நுனி வெட்டாத சங்கு மேசையில் வைக்க உதவும். ஊத உதவாது. வாய் வைக்க வழி ஏது? தேசத்தின் குரல் என்று போட்டு, அதற்குமேல் ஊமைச் சங்கு ஒன்றைச் சுழலவிட்டிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன மார்கழியில் ஆதிரா என்ற பெண் கடைக்கு வந்தாள். நாகர்கோவில்காரிதான், இப்போது தலைமை அலுவலகத்தில் சின்னப் பிரிவு அதிகாரி. அந்தக் கூர்நுனிச் சின்னத்தின் வெளியீட்டு விழா முக்கடல் கூடுமிடத்தில், சூரியன் உதிக்கும்போது, நேரலையாக. தலைமை இயக்குநரே சங்கு ஊதித் தொடங்கிவைப்பார்.

"படத்துல உள்ள மாதிரியே ஒரு சங்கு வேணும், எக்கா."

"ஊதணும்னா நுனியில வெட்டணுமே மக்கா. வெட்டட்டா?"

ஆதிரா பையிலிருந்து நூற்றிருபது பக்கக் கையேட்டை எடுத்தாள். "ஐயோ, அந்த நுனிதான் எக்கா சின்னமே. ஒரு மில்லிமீட்டர் குறையக் கூடாதுன்னு போட்டிருக்கு. கொறஞ்சா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாவ."

"அப்ப எழுதித் தாறியா?"

நுனியை வெட்டக் கூடாது என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வெட்டாவிட்டால் சத்தமே வராது என்ற இன்னொரு வாக்கியம் குளோரியிடம் பாக்கி இருந்தது. இருமல் வந்துவிட்டது.

கூரான நுனியுள்ள சங்காகப் பொறுக்கி, பாலிஷ் போட்டு, வெல்வெட் பெட்டியில் வைத்தாள். பெட்டிமேல் சீட்டு ஒட்டினாள். பெட்டியைக் கேமரா முன்னால்தான் திறக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருந்தது. ஆகவே ஒத்திகைக்குப் பதிவு செய்த சங்கொலியைப் போட்டுக்கொண்டார்கள்.

விழா நாள். குளோரி முன்வரிசைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றாள். தோள்பையில் அப்பாவின் சங்கு இருந்தது. சூரியன் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதற்குக் கையேடு கிடையாது. தலைமை இயக்குநர் பெட்டியைத் திறந்தார். சங்கை எடுத்தார். ஊதினார்.

புஸ்.

திருப்பிப் பார்த்தார். வாயை மாற்றி வைத்தார். கன்னம் இரண்டும் பலூனாயின. காற்று அவர் மூக்கு வழியாகவே திரும்பி வந்தது. தேசம் பார்த்துக்கொண்டிருந்தது. யாத்திரைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

"யார் கொடுத்த சங்கு இது?" மைக் திறந்திருந்ததைத் தலைமை இயக்குநர் மறந்துவிட்டார். "பெயரைச் சொல்லு!"

ஆதிரா பெட்டிமேல் இருந்த சீட்டைப் படித்தாள். "கன்னியாகுமரி, சங்கு குளித்த ஏசுஅடிமை மகள் குளோரி."

"யாரு?"

"ஏசுஅடிமை, சார்."

"எந்த ஏசுஅடிமை?"

மூன்று முறை. நேரலையில். குளோரி எண்ணிக்கொண்டாள். பையிலிருந்த சங்கு ஒரே ஊதலில் விழாவைக் காப்பாற்றியிருக்கும். பையின் ஜிப்பை நன்றாக இழுத்து மூடினாள்.

மதியம் ஆதிரா கடைக்கு ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது. "நாளைக்குத் திரும்ப எடுக்கணும் எக்கா. இப்ப நுனிய வெட்டித் தாருங்க, கால்ல விழுதேன்."

குளோரி கல்லாவைத் திறந்து, கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினாள். "வெட்டலாம் மக்கா. முதல்ல கையேட்ட மாத்திட்டு வா. எனக்க அப்பா சங்கு எப்பிடி இருந்துதோ அப்பிடி."

கையேட்டைத் திருத்த இப்போது எழுவர் குழு அமைத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே நுனியை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று சண்டையாம்.

அன்றைக்கு ஆதிரா போனபின் சுயம்புராஜ் எதிர்க்கடையிலிருந்தே கூப்பிட்டார். "ஏட்டி, அந்தப் பிள்ள பாவம் கேட்டியா. ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"இருமல் அண்ணாச்சி."

"பேருதான் வந்துட்டே. இனி இருமல் நிக்கும் இல்லியா?"

குளோரி சங்குகளைத் துடைத்து அடுக்கினாள். "மூணு மட்டம்தான வந்திருக்கு. அப்பாவ அவனுவ நாப்பது வருசம்லா காக்க வச்சானுவ."