சுவிட்சில் அவள் விரல்

வால்வு ரேடியோவைத் திறந்து வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு பிடிவாதம் வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் முந்நூறு வோல்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும். இன்னொன்று, ஏதாவது ஆனால் உடனே அணைக்க சுவிட்சில் விரல் வைத்து ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்கள் மயூர் விஹார் வீட்டில் அந்த ஆள் என் மனைவி.

"அவனவன் ஞாயித்துக்கிழமை சீட்டாடுதான், தூங்குதான். எனக்கு வாய்ச்சவரு கரண்டுல கைய விடுதாரு. ஜல்தி முடிங்க, குக்கர் வச்சிருக்கேன்" என்று திட்டிக்கொண்டே நிற்பாள். விரலை மட்டும் எடுக்க மாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்குப் புற்றுநோய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் பரணைக் காட்டினாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த ரேடியோ அங்கே கிடந்தது.

"நான் போறதுக்குள்ள அது ஒரு தடவ பாடணும்ங்க."

கண்டென்சரையெல்லாம் மாற்றினேன். கொஞ்சம் கரகரத்துவிட்டு ஊமையாகிவிட்டது, சனியன். உள்ளே எங்கோ ஈயப் பற்றவைப்பு விட்டிருந்தது. கரண்ட் ஓடும்போது ஒவ்வோர் இடமாகக் குச்சியால் தட்டித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"அரே, எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். கட்டிலைச் சுவிட்ச் பக்கம் நகர்த்தச் சொன்னாள். சாய்ந்து உட்கார்ந்து விரலை வைத்தாள்.

முந்தின நாள் அவளால் பல் தேய்க்கிற பேஸ்ட் ட்யூபைக்கூட அமுக்க முடியவில்லை. பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று கடைக்காரனைத் திட்டினாள். எங்கள் வீட்டுச் சுவிட்சோ, நானே அழுத்தித் தட்ட வேண்டிய சுவிட்ச். எல்லாம் தெரிந்துதான் கையை உள்ளே விட்டேன்.

தட்டிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் குச்சி பட்டதும் பாட்டு வந்தது. ஏதோ பழைய இந்திப் பாட்டு. எடுத்தால் போய்விடுமே என்று குச்சியை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். எத்தனை மாதம் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்!

பாட்டு முடிந்து செய்தி ஆரம்பித்தது.

"பஸ், போதும், அணைச்சிருதேன். கைய எடுங்க."

அழுத்தினாள். செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு கையையும் சேர்த்து அழுத்தினாள். சுவிட்ச் அசையவில்லை. தன் விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நேரமும் ஒங்களுக்குக் காவல் யாருங்க?"

எழுந்து போய் நானே அணைத்தேன். சுவிட்ச் மட்டம், நாளைக்கே மாற்றிவிடலாம் என்று உளறினேன்.

"தெரிஞ்சேதான் கைய விட்டீங்களா? என் கூடவே வந்துரலாம்னு பாத்தீங்களோ?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கிட்டே வரச் சொன்னாள். குனிந்தேன். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

வலிக்கவே இல்லை. அதற்குத்தான் அழுதேன்.