திராட்சைப் பந்தலில் எழுதிய வேர்ச்சொற்கள்

முதல் தடவை எழுதிய நுழைவுத் தேர்வில் ஆங்கிலச் சொற்கள்தான் என்னைக் கவிழ்த்தன. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்க எனக்கு ஆசை. இன்னொரு முறை எழுதிக்கொள் என்று அப்பா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இந்த முறையும் கிடைக்காவிட்டால் சின்னமனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். அந்த மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாவம், அவரை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கொடியை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தில் வீட்டில் யாரும் சும்மா உட்கார முடியாது. தலைக்கு மேல் கம்பியில் படர்ந்திருப்பதை அண்ணாந்து பார்த்தே வெட்ட வேண்டும், இரண்டு கைகளும் மேலேயே இருக்கும். புத்தகத்தை எங்கே பிடிப்பது? லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துக்கொண்டால் ஒரு வேரிலிருந்து பல சொற்கள் முளைக்கும் என்று இணைய வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் பந்தலைத் தாங்கும் கல்தூண்களில், தூணுக்கு ஒரு வேராகச் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.

இடம் பார்த்துத்தான் எழுதினேன். வாய்க்கால் பக்கத்துத் தூணில் தண்ணீருக்கான ஹைட்ரோ. இலைச் சந்தில் வெயில் விழும் இடத்தில் ஒளிக்கான ஃபோட்டோ. வேலைக்கு வரும் அக்காமார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் இடத்தில் தூக்கத்துக்கான சோம்ன். அப்பா விடியலில் நடந்து பார்க்கும் வரிசையின் முதல் தூணில் நடைக்கான ஆம்புல்.

கொஞ்ச நாளில் அவை இடப்பெயர்களாகிவிட்டன. "மதினி, ஹைட்ரோவுக்கு அங்கன நாலு கொடி பாக்கி கெடக்கு" என்பார் ஒருவர். "சத்தம் போடாதீக, இந்தப் புள்ளையோட அப்பா ஃபோட்டோகிட்ட நிக்கிறாக" என்பார் இன்னொருவர். சாப்பாடு முடிந்தால் எல்லோரும் சோம்னுக்குக் கிளம்புவார்கள். அப்பாவுக்கு முதலில் எரிச்சல்தான். "தோட்டத்துல போயி இதென்னத்தா கிறுக்கு வேல" என்றார். பிறகு ஒருநாள் மோட்டார் போடுகிறவரிடம் போனில், "தண்ணி ஹைட்ரோவத் தாண்டிருச்சாப்பா?" என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

மேகமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிவந்தால் பந்தலுக்குள் வெளிச்சம் பச்சையாகிவிடும். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும். யாரோ எங்கோ பேசிய சொற்கள் எங்கள் தூண்களில் வெள்ளையாக மிதக்கும். அவற்றைப் பேசியவர்களும் திராட்சை வளர்த்தவர்களாம். அவர்கள் வீட்டுப் பெண்களும் இப்படித்தான் அண்ணாந்து நின்றிருப்பார்களோ, கழுத்து வலித்திருக்குமோ என்று நினைத்தபடியே, விட்டுவைக்க வேண்டிய கிளையை வெட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தேர்வு மதுரையில் நடந்தது. ஏசி அறை, கணினித் திரை. பாதியில் சோம்னாம்புலிஸ்ட் என்று ஒரு சொல் வந்தது. அதை நான் எங்கும் பார்த்ததில்லை. கண்ணை மூடிப் பந்தலுக்குள் போனேன். அக்காமார் முந்தானையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்துபோனார். தூக்கத்தில் நடப்பவர். விடையை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதன் பிறகு எனக்குப் பயமே இல்லை.

முடிவு வந்த காலையில் அப்பா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் சின்னமனூர்க்காரர்கள். நான் என் போனை அவர் முன்னால் நீட்டினேன். இடம் கிடைத்திருந்தது. அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "புள்ள படிக்கப் போகுதுங்க. இப்போதைக்கு நீங்க வர வேணாம், கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெடைக்காதுன்னு நெனச்சுத்தான் எழுதச் சொன்னேன்" என்றார். "அம்புட்டுத் தூரம் உன்னய அனுப்பப் பயமா இருக்குத்தா."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குந்தாம்ப்பா" என்றேன்.